வடசென்னையில் மலிவுவிலை மேசைக்கணினித் தேர்வு: துறைமுகம், தீர்வை, விளையாட்டு (1984–2023)

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் கணினி பரவிய வரலாறு பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்கள், அரசுத் திட்டங்கள், தமிழ்க் கணிமை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தொழிலாளர் குடும்பங்களின் வீட்டுக்குள் மேசைக்கணினி எவ்வாறு நுழைந்தது என்னும் வினா அதில் இடம்பெறுவது அரிது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலை வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. பிரித்துப் பிரித்து வாங்கக்கூடியதாக இருந்தமையே ‘அசெம்பிள்டு’ கணினியை மலிவானதாக ஆக்கிற்று என்பதும், அத்தேர்வின் திசையைப் படிப்பைவிட விளையாட்டே தீர்மானித்தது என்பதும் இதன் கருத்து.

முக்கியச் சொற்கள்: வடசென்னை, மேசைக்கணினி, ரிச்சி தெரு, பர்மா பஜார், சுங்கத் தீர்வை, கணினி விளையாட்டு, விலையில்லா மடிக்கணினி.

முன்னுரை

இராயபுரம் தொடர்வண்டி நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. அதன் கிழக்கே துறைமுகம், வடக்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், அதற்கும் வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், மணலித் தொழிற்சாலைகள் என விரியும் இவ்வட்டாரம் பண்டங்கள் வந்து இறங்கிக் கடந்து செல்லும் நிலமாகவே ஆய்வுகளில் அறியப்படுகிறது. சென்னைத் துறைமுகத்தில் 1983 டிசம்பரில் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதன்பின் பெட்டகங்களை ஏற்றிய லாரிகள் திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளில் நீண்ட வரிசையில் நிற்பது அன்றாடக் காட்சியாயிற்று. கணினியின் உறுப்புகளில் எடை மிகுந்தனவும் விலை குறைந்தனவுமான கேபினட், திரை போன்றவை கடல்வழியே வரும் சரக்கு வகையைச் சேர்ந்தவை. செயலி, நினைவகம் போன்று கையளவில் பெருவிலை பெறுபவை வான்வழிக்கு ஏற்றவை.

பெட்டகம் வாசலைக் கடந்து சென்றாலும் அதனுள் இருந்த பொருளை வாங்க இவ்வட்டாரத்து மக்கள் அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கே செல்ல வேண்டியிருந்தது. இந்த விந்தை தற்செயலானதன்று. துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் இடையே சுங்கத் தீர்வை, டாலர் மதிப்பு, இறக்குமதியாளர், மொத்த வணிகர், உறுப்புகளைப் பூட்டித் தருபவர் என்று ஒரு நீண்ட சங்கிலி இருந்தது. விலை என்பது அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி.

துறைமுகமும் தீர்வையும்

1980களில் வெளிநாட்டு மின்னணுப் பொருள்கள் வடசென்னைக்கு மிக அருகில் கிடைத்த இடம் இராஜாஜி சாலையின் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வாழ்வாதாரத்திற்காக 1969இல் உருவான இக்கடைவரிசை, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலத்தில் டேப் ரிக்கார்டர், கடிகாரம், வீடியோ கருவி முதலியவற்றின் சந்தையாக வளர்ந்தது. தீர்வை வசூலிக்கும் சுங்க மாளிகையும், அத்தீர்வையின் உயரத்தாலேயே பிழைத்த கடைவரிசையும் ஒரே சாலையில் அமைந்திருந்தமை பொருளாதார வரலாற்றாசிரியர் எவரையும் ஒரு கணம் நிற்கச் செய்யும்.

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிகள் இத்தகைய சந்தைகளின் வழியாகவே நடுத்தரக் குடும்பங்களுக்குக் கீழும் இறங்கின. ஜப்பானின் ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த போலிப் படிகளும், பல ஆட்டங்களை ஒன்றில் அடக்கிய கேசட்டுகளும் 1990களின் நடுவில் இந்திய நகரங்களெங்கும் பரவியிருந்தன. கணினி வீட்டுக்கு வருமுன்னரே கணினி விளையாட்டு வந்துவிட்டது என்பது இங்குக் குறிக்கத்தக்கது. பிற்காலக் கணினித் தேர்வை விளங்கிக்கொள்ள இம்முறைமாற்றம் உதவும்.

1984 நவம்பரில் இராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை உறுப்புகளின் இறக்குமதியைத் தளர்த்தியது. நாட்டுக்குள் கணினிகளைப் பூட்டும் தொழில் அதனால் ஊக்கம் பெற்றது. 1991 ஜூலையில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 21 ரூபாயாக இருந்த மதிப்பு சில நாள்களில் 26 ரூபாயை நெருங்கியது. தாராளமயம் கதவைத் திறந்த அதே மாதத்தில் இறக்குமதிப் பண்டத்தின் ரூபாய் விலையும் உயர்ந்தது. மெய்யான திருப்பம் அதன்பின் வந்தது. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா 1997இல் இணைந்து, கணினி, அதன் உறுப்புகள் ஆகியவற்றின் மீதான சுங்கத் தீர்வையை 2005க்குள் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டது. பர்மா பஜாரின் மறைமுக ஆதாயம் இதனால் தேய்ந்தது. இரசீதோடும் உத்தரவாதத்தோடும் உறுப்புகளை விற்ற ரிச்சி தெரு எழுந்தது.

ரிச்சி தெருவும் விலைச்சீட்டும்

ரிச்சி தெரு என்பது பெயரளவில் ஒரு தெரு; வழக்கில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு முதலியவற்றையும் சேர்த்த ஒரு சந்தை. வானொலி உதிரிபாகங்களில் தொடங்கி, தொலைக்காட்சி, ஒலிபெருக்கி எனக் கடந்து கணினிக்கு வந்தது. அங்கே வாங்குபவர் பெறும் முதல் ஆவணம் ‘கொட்டேஷன்’ எனப்படும் விலைச்சீட்டு. செயலி, மதர்போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், கேபினட், மானிட்டர், விசைப்பலகை, யுபிஎஸ் என வரிவரியாகப் பெயரும் விலையும் எழுதிய அத்தாள், பெருநிறுவனக் கணினியின் ஒற்றை விலை மறைத்ததை வெளிப்படுத்தியது. எந்த உறுப்பைக் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்கிட முடிந்தது. இரண்டு மூன்று கடைச் சீட்டுகளை ஒப்பிடவும் முடிந்தது. ஒரு நாளில் அச்சீட்டின் விலை மாறிவிடும் என்பதால் அதை யாரும் பாதுகாக்கவில்லை. அரசாணைகள் ஆவணக்காப்பகத்தில் உறங்க, ஒரு தலைமுறையின் நுகர்வுத் தீர்மானங்களைத் தாங்கிய தாள்கள் குப்பைக்குப் போயின. இது ஆய்வுலகத்துக்கு நேர்ந்த இழப்பே.

தொழிற்சாலைப் பகுதிக்கு இவ்வரிவரிக் கணக்கு இயல்பாகப் பொருந்தியது. 1965ஆம் ஆண்டின் ஊக்கத்தொகைச் சட்டம் குறைந்தது 8.33, மிகுதியாக 20 விழுக்காடு என வரையறுத்த போனஸ், தீபாவளியை ஒட்டி ஒருமுறை கைக்கு வரும் தொகை. ஏலச்சீட்டுப் பணமும் ஒருமுறை வருவதே. மாதச் சம்பளத்திலிருந்து கணினிக்கு ஒதுக்க இயலாத குடும்பம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்க இயலும். ஆகவே கேள்வி ‘எவ்வளவு விலைக்குள்’ என்பதோடு முடியவில்லை. ‘இந்த ஆண்டு எதுவரை, அடுத்த ஆண்டு எது’ என்றும் நீண்டது. மலிவுவிலை என்பது தொகையின் அளவோடு காலத்தின் அளவாகவும் இருந்தது.

படிப்பு என்ற காரணம், விளையாட்டு என்ற தேவை

வீட்டில் கணினி வாங்குவதற்குச் சொல்லப்பட்ட காரணம் எங்கும் படிப்பே. பெற்றோரின் இசைவைப் பெற அச்சொல் இன்றியமையாதது. படிப்புக்கும் அன்றாடப் பயன்பாட்டுக்கும், அதாவது தட்டச்சு, இணையம், பாடல், திரைப்படம் ஆகியவற்றுக்கும், மிக எளிய கணினியே போதுமாக இருந்தது. விளையாட்டுக்கு அது போதவில்லை. எனவே கொட்டேஷன் சீட்டில் விலை கூடிய இடங்களிலெல்லாம் விளையாட்டின் கை இருந்ததென்று கொள்ளலாம்.

2000க்குப் பின் பெருகிய இணைய மையங்கள் இதற்குப் பயிற்சிக்களமாயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனத்தின் ‘ஐவே’ மையங்களும், தெருவுக்கொன்றாக இருந்த ‘பிரௌசிங் சென்டர்’களும் மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு விட்டன. ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ போன்று பல கணினிகளைப் பிணைத்து ஆடும் ஆட்டங்களும், ‘புராஜெக்ட் ஐஜிஐ’, ‘வைஸ் சிட்டி’ போன்று தனியே ஆடும் ஆட்டங்களும் இந்தியா முழுவதும் இத்தகைய மையங்களில் பெயர் பெற்றன. ஒரே ஆட்டம் ஒரு கணினியில் தடையின்றி ஓடி, பக்கத்துக் கணினியில் தடுமாறுவதைக் கண்ட இளைஞருக்குச் செயலி, வரைகலை அட்டை, நினைவகம் ஆகியவற்றின் வேறுபாடு பாடநூலின்றியே விளங்கியது.

இத்தேர்வின் நுட்பத்தை ஒரு சான்றால் காட்டலாம். 2002ஐ ஒட்டி வந்த இன்டெல் 845ஜி, 845ஜிவி என்னும் இரு சிப்செட்டுகளிலும் வரைகலைத் திறன் உள்ளேயே அமைந்திருந்தது. தனி வரைகலை அட்டை இல்லாமலேயே திரை ஒளிரும். அடுத்து வந்த 865ஜி, 865ஜிவி இணையும் அவ்வாறே. அவற்றிடையே முதன்மையான வேறுபாடு ஒன்று: ‘ஜி’ வகையில் பின்னாளில் வரைகலை அட்டை செருகுவதற்கான ஏஜிபி இடம் உண்டு, ‘ஜிவி’ வகையில் அது இல்லை. படிப்புக்கு என வாங்குபவருக்கு ஜிவி போதும், விலையும் குறைவு. அடுத்த ஆண்டு போனஸில் கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம் என எண்ணுபவர் ஜி வகையைக் கேட்பார். பெற்றோர் காணும் சீட்டில் வரைகலை அட்டை என்ற வரி இராது. ஆனால் அதற்கான வெற்றிடம் வாங்கப்பட்டிருக்கும். ஓர் எழுத்தில் அடங்கிய அவ்வெற்றிடமே மலிவுவிலை விளையாட்டுக் கணினியின் வரலாற்றுத் தொடக்கம் எனக் கருத இடமுண்டு.

தள்ளிப்போடுதலில் இடரும் இருந்தது. 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் புதிய செருகுமுறை வந்து ஏஜிபியைப் பின்தள்ளியது. சில ஆண்டுகளில் ஏஜிபி அட்டைகள் அரிதாயின. காத்திருந்து பணம் சேர்த்தவர், பணம் சேர்ந்தபோது பொருளைத் தேட வேண்டியதாயிற்று.

பத்தாயிரம் ரூபாய்க் கணினி

இக்காலத்தில் அரசும் தொழில்துறையும் மலிவுக் கணினியை வேறுவிதமாக எண்ணின. மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த தயாநிதி மாறன் 10,000 ரூபாய்க்கும் குறைந்த கணினியை வலியுறுத்த, 2005இல் எச்சிஎல் நிறுவனம் 9,990 ரூபாய் விலையில் ஒரு கணினியை வெளியிட்டது. 128 எம்பி நினைவகமும் லினக்ஸ் இயங்குதளமும் கொண்டது அது. விலை வரம்பை எட்டிய பொறியியல் அருஞ்செயலாக அது அந்நாளில் வரவேற்கப்பட்டது. சென்னையில் உருவான நோவாட்டியம் நிறுவனம் இன்னும் ஒரு படி சென்று, கணிக்கும் பணியைத் தொலைவிலுள்ள வழங்கியிடம் விட்டு, வீட்டில் ஓர் எளிய பெட்டியை மட்டும் வைக்கும் ‘நெட்பிசி’யை முன்வைத்தது. கணினியைத் தொலைபேசி இணைப்புபோல மாதக் கட்டணச் சேவையாக்குவது அதன் நோக்கம்.

இவ்விரு முயற்சிகளும் வீட்டுச் சந்தையில் வேரூன்றவில்லை. மூன்றாம் தர உறுப்புகள், லினக்ஸ் பழக்கமின்மை, இணைய வேகக் குறைவு என்பன வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். அவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்நாளின் பரவலான விளையாட்டுகள் விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. ‘வைஸ் சிட்டி’ ஆட்டம் கேட்ட குறைந்தபட்ச நினைவகமே 128 எம்பி. அதற்குமேல் 32 எம்பி வரைகலை நினைவகம் வேண்டும். ஆகப் பத்தாயிரம் ரூபாய்க் கணினியை வாங்கியவர் அதை ஆட முடியாது. நெட்பிசியை வாங்கியவர் அதை ஆடும் நிலைக்கு வளர்க்கவும் முடியாது. ஏழைக் குடும்பத்துக்குக் கணினி எதற்குத் தேவை என்பதைக் கொள்கை வகுத்தோர் தாமே முடிவு செய்தனர். அம்முடிவில் விளையாட்டுக்கு இடமில்லை. அசெம்பிள்டு கணினி விலை கூடியதாயினும் அம்முடிவை வாங்குபவரிடமே விட்டது.

அசெம்பிள்டு கணினியின் மலிவுக்கு மற்றொரு காரணமும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. உரிமம் பெறாத விண்டோஸ் படிகளும் விளையாட்டுக் குறுந்தகடுகளும் பரவலாக இருந்தமையால், கொட்டேஷன் சீட்டில் மென்பொருளுக்கு வரியே இருந்ததில்லை எனலாம். அவ்விலையையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் ஒப்பீட்டின் விடை சற்று மாறியிருக்கும்.

உப்புக்காற்று, சாம்பல், மின்தடை

பிற இடங்களில் எழாத சில தேர்வுகளை இவ்வட்டாரத்தின் சூழல் எழுப்பியது. கடலோர ஈரமும் உப்பும் நினைவக அட்டையின் தொடுமுனைகளில் படலம் படியச் செய்யும். அட்டையைக் கழற்றிப் பென்சில் அழிப்பானால் தேய்த்து மீண்டும் செருகும் எளிய மருத்துவம் கணினி பழுதுபார்ப்போர் அனைவரும் அறிந்தது. எண்ணூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூளும் படியும் பகுதியில், காற்றை உள்ளிழுக்கும் விசிறிகள் தூசியையும் உள்ளிழுக்கும். செயலியின் வெப்பம் வெளியேறாவிட்டால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கண்ணாடிப் பக்கங்களும் பல விசிறிகளும் கொண்ட கேபினட் கண்ணுக்கு அழகு. இத்தகைய இடத்திலோ மாதந்தோறும் துடைக்க வேண்டிய சுமை.

மின்சாரத்தின் கதை இன்னும் கசப்பானது. நகரத்துக்கே மின்சாரம் தரும் புகைபோக்கிகளின் நிழலில் வாழ்ந்தோரும் மின்தடைக்குத் தப்பவில்லை. 2012இல் சென்னையில் அறிவிக்கப்பட்ட மின்தடை நாளொன்றுக்கு 2 மணி நேரம். பிற மாவட்டங்களில் அதைவிடப் பன்மடங்கு. இதனால் யுபிஎஸ் விருப்ப உறுப்பாக இல்லாமல் கட்டாய உறுப்பாயிற்று. அதற்குரிய பணத்தைக் கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியில் மிச்சம் பிடிக்கும் வழக்கம் ஏற்பட்டது. பெட்டியின் மேல் ஒட்டிய வாட் எண்ணைத் தாங்காத அவ்வழங்கிகள், பின்னாளில் வரைகலை அட்டை சேர்க்கப்பட்டதும் முதலில் கைவிட்டன. சீட்டில் மிகக் குறைந்த விலையுள்ள வரியே ஏனைய வரிகள் அனைத்தையும் காப்பது என்பதைப் பலர் இழப்பின் வழியே கற்றனர்.

மடிக்கணினிக்குப் பின்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்று திருவொற்றியூரும் எண்ணூரும் அதே மாவட்டத்தைச் சேர்ந்தவை. எல்காட் கொள்முதல் செய்த அக்கருவிகளில் விண்டோஸ், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் என இரு இயங்குதளங்கள் இருந்தன. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவரின் வீடுகளில் படிப்புக்கான கணினி விலையின்றி வந்து சேர்ந்தது.

இதன் விளைவு ஒன்று ஆய்வாளர் கவனத்துக்கு வரவில்லை. படிப்பு என்ற காரணத்தை மடிக்கணினி எடுத்துக்கொண்டபின், மேசைக்கணினிக்கு வேறு நியாயம் தேவைப்பட்டது. 2016இல் ஜியோவின் வரவால் தரவு விலை வீழ்ந்து, அன்றாடப் பயன்பாடும் பெரும்பாலும் கைப்பேசிக்குச் சென்றது. மேசைக்கணினி வாங்குபவர் அதன்பின் விளையாட்டுக்கு, அல்லது காணொளித் தொகுப்புக்கு என வெளிப்படையாகவே சொல்லும் நிலை பிறந்தது. மறைந்திருந்த வரி சீட்டின் தலைப்புக்கு வந்தது.

அக்காலத்துத் தேர்வுகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2017 தொடக்கத்தில் வந்த இன்டெல் பென்டியம் ஜி4560, இரு கருக்களே கொண்டிருப்பினும் நான்கு இழைகளை இயக்கியதால் குறைந்த விலையில் வரைகலை அட்டையோடு இணைக்க ஏற்றதாயிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இன்டெல், செருகுவாயின் பெயரை மாற்றாமலே புதிய செயலிகளுக்குப் புதிய மதர்போர்டைக் கட்டாயமாக்கிற்று; பின்னால் செயலியை மட்டும் மாற்றலாம் என எண்ணியவர் ஏமாந்தனர். 2018 பிப்ரவரியில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 3 2200ஜி, செயலிக்குள்ளேயே ஆடத்தக்க வரைகலையைக் கொண்டிருந்தது. அதன் ஏஎம்4 செருகுவாய் பல ஆண்டுகள் நிலைத்தது. தனி அட்டை இல்லாமலே இன்று ஆடலாம், நாளை அட்டை சேர்க்கலாம், மறுநாள் செயலியையும் மாற்றலாம். 865ஜி காலத்து உத்தி மீண்டும் உயிர்பெற்றது.

இங்கும் ஒரு முரண் உண்டு. உள்ளமைந்த வரைகலை, தனக்கென நினைவகம் இல்லாமல் பொது நினைவகத்தையே கடன் வாங்குகிறது. 8 ஜிபி ஒரே அட்டையாக இருப்பதைவிட 4 ஜிபி இரண்டாக இருந்தால் இரு வழிகளில் தரவு பாய்ந்து ஆட்டம் விரைவாகும். ஆனால் ஒரே அட்டையை வாங்கினால் இன்னொரு செருகுமிடம் நாளைக்கு மிஞ்சும். இன்றைய ஆட்டமா, நாளைய வளர்ச்சியா என்னும் பழைய கேள்வி இரண்டு சிறு செருகுமிடங்களில் வந்து நின்றது.

2020இல் பெருந்தொற்று இணையவழி வகுப்பைக் கொண்டுவந்து படிப்பு என்ற காரணத்தை மீட்டது. அதே வேளையில் உலகளாவிய உறுப்புத் தட்டுப்பாடும் மறையீட்டு நாணய அகழ்வும் வரைகலை அட்டைகளின் விலையை எட்டாத உயரத்துக்கு ஏற்றின. எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றியபின், அகழ்வில் இரவும் பகலும் உழைத்துக் களைத்த அட்டைகள் பழைய பொருள் சந்தைக்குத் திரும்பின. அவ்வாண்டு ஜூலையில் டாலர் மதிப்பு 80 ரூபாயைத் தொட்டிருந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதால், திருவொற்றியூரிலிருந்து ரிச்சி தெருவுக்கு அருகிலுள்ள அரசினர் தோட்டம் நிலையத்துக்கு இப்போது ஒரே வண்டியில் செல்லலாம். தொலைவு குறைந்தது, விலை குறையவில்லை. 2023 ஆகஸ்டில் மடிக்கணினி, டேப்லெட், ஒருங்கிணைந்த கணினி ஆகியவற்றின் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என மத்திய அரசு அறிவித்தபோது, தனித்தனி உறுப்புகள் அக்கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. முழுப்பொருளுக்குச் சட்டம் போட்ட தடை, துண்டுகளாக வரும் கணினியைத் தொடவில்லை.

வெள்ளம்

அவ்வாண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைவெள்ளம், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில் எண்ணெய் கலந்து புகுந்தது. மேசைக்கணினியின் கேபினட்டை வைக்கும் வழக்கமான இடம் மேசைக்கு அடியில், தரையில். சுவரில் மாட்டிய தொலைக்காட்சிக்கும் கையில் எடுத்துச் செல்லும் கைப்பேசிக்கும் இல்லாத ஆபத்து அதற்கு உண்டு. நீரில் மூழ்கிய கணினியில் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, சுழலும் வன்தட்டு ஆகியவை பெரும்பாலும் மீள்வதில்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில் நனைந்த செயலியும் நினைவக அட்டையும் கழுவி உலர்த்தினால் மீளக்கூடியவை. முந்தியவை காயலான் கடை எடைக்குச் செல்பவை. பிந்தியவை தாளில் சுற்றி, அடுத்த மதர்போர்டுக்காக எடுத்து வைக்கத்தக்கவை.